லாங்வுட் சோலைக்குப் போய் வந்தோம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்கு அவரை அடுப்புப் பக்கம் விடாதே. சொன்னால் கேட்க மாட்டார், நீதான் கண்டிப்பாக இருக்க வேண்டும். மகள் பெங்களூருவில் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, விடைத்தாள் திருத்தும் வேலை எல்லாம் முடிந்து நானும் சற்று ஓய்ந்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, ஊட்டிப் பக்கம் காலியாகக் கிடக்கும் மலைச்சரிவில் உங்கள் குடியிருப்புச் சங்கத்தார் ஜூன் மாதம் ஐந்நூறு மரக்கன்று நடப்போகிறார்கள், நாமும் பணம் கொடுக்கலாமா என்று. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் கோத்தகிரிக்குப் போகும்படி ஆயிற்று. அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் நம் லேப் லீடராக இருந்தவள், ஈரோட்டுக்காரி, அவளுடைய நாத்தனார், நான். நாலு பேரும் மேட்டுப்பாளையத்தில் அரசுப் பேருந்து பிடித்தோம். சொந்தக் கார் என்றால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பஸ்ஸில் போனால் அந்த வேலை இல்லை, கொண்டை ஊசி வளைவுகளில் நிம்மதியாக வேடிக்கையும் பார்க்கலாம். குஞ்சப்பனையில் பலா மரங்களில் காய் தொங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பழ வாசனைக்கு யானைகள் வந்துவிடும் என்று பக்கத்து சீட்டுப் பாட்டி சொன்னார்.

வனத்துறையின் மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கியது உனக்குத் தெரிந்திருக்கும். அதில் சுலபமான வழிகளில் லாங்வுட் சோலை என்கிற இந்த மலைக்காடும் ஒன்று. காட்டுத்தீ பருவம் என்று பிப்ரவரி நடுவில் மூடிவிட்டு, ஏப்ரல் நடுவில்தான் திறக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிர்விட்டதை நினைத்தால் இந்தக் கட்டுப்பாடு மிகவும் சரி என்றே சொல்வேன். எங்களோடு வழிகாட்டியாக ஓர் இருளர் இளைஞர் வந்தார். அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால்.

கோத்தகிரி ஊருக்கு மிக அருகில், சுற்றிலும் தேயிலைத் தோட்டமும் கிராமங்களுமாக இருக்க, நடுவில் இந்தக் காடு. மொத்தமே 116 ஹெக்டேர்தான். தேயிலைச் சரிவில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சோலைக்குள் பத்தடி வைத்ததும் குளிர். ஈரோட்டுக்காரி பையிலிருந்து சால்வையை எடுத்துவிட்டாள். மரங்கள் ஒன்றும் ஓங்கி வளர்ந்தவை அல்ல. முறுக்கிக்கொண்ட குட்டையான அடிமரங்கள், உடம்பெல்லாம் பாசி, கிளைகளில் பெரணியும் ஆர்க்கிடும். உச்சியில் எல்லாமே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வானத்தை அடைத்துவிட்டன.

இந்தச் சித்திரையில் நான் பார்க்க ஆசைப்பட்டது தளிர். நாம் கல்லூரியில் இளவேனில் என்று தமிழ்ப் பாடத்தில்தான் படித்தோம், கோயம்புத்தூரில் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. இங்கே பார்க்கலாம். நாவல் இனத்து மரங்கள் சில இன்னும் சிவந்துதான் நின்றன. தாழ்வான கிளை ஒன்றில் லவங்க இனத்து மரம் துளிர்த்திருந்தது. கொழுந்து அத்தனையும் செம்பு நிறத்தில், நிமிர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் துவண்டு தொங்கின. தொட்டுப் பார்த்தேன், பிறந்த குழந்தையின் காதுமடல் மாதிரி மெத்தென்று இருந்தது. அதே கிளையில் அரையடி கீழே போன வருடத்து இலை, கரும்பச்சையாக, தடித்து, விறைப்பாக. அதன் மூன்று நரம்புகளை லேப் லீடர் விரலால் தடவிக் காட்டினாள், இத்தனை வருடம் கழித்தும் அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்கிற நிறமி என்று நாம் மனப்பாடம் செய்தோம். கடும் வெயிலிலிருந்து இளம் இலையைக் காக்கிறது, பூச்சிகளையும் தள்ளிவைக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். நேரில் நின்று பார்க்கும்போது அந்த விளக்கத்துக்கே உயிர் வந்துவிடுகிறது. ஜூனில் என் மாணவிகளுக்கு இதை வேறு மாதிரி நடத்துவேன்.

அப்புறம் அந்தத் தரை. வழிகாட்டி கைத்தடியை ஊன்றச் சொன்னார். ஒரு சாண் ஆழத்துக்கு அப்படியே இறங்கியது. மேலே காய்ந்த சருகு, அதைக் கொஞ்சம் விலக்கினால் கருத்த மக்கு, அதற்கும் கீழே விரலில் ஒட்டும் ஈரம். மழை பெய்து நாளாகியிருந்தது. இருந்தும் சற்றுத் தள்ளி மரப்பெரணிகளுக்கு நடுவே தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது. சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிதண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான் போகிறது. லாங்வுட் சோலை பாதுகாப்புக் குழு என்று உள்ளூர்க்காரர்கள் பல வருடங்களாக இதைக் கண்ணுங்கருத்துமாகக் காத்து வருகிறார்கள். அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

திடீரென்று புதரிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம். நாத்தனார் பயந்தே போய்விட்டாள். நீலகிரி சிரிப்பான்! நீலகிரியும் அதை ஒட்டிய மலைகளும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. பழுப்பும் துருநிறமுமாகக் கிளைக்குக் கிளை தாவிப் போயின. கண்ணுக்கு மேலே அந்த வெள்ளைக் கோடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் வழிகாட்டி கையை நீட்டி எங்களை நிறுத்தினார். பாதையில் புதுச் சாணம். காட்டெருமை. அசையாமல் நின்றோம். அது எங்களைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டது, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களை மட்டும் புதர் இடுக்கில் பார்த்தோம். மற்றபடி நடை சின்னதுதான். மதியச் சாப்பாட்டுக்குக் கோத்தகிரி கடைவீதிக்கு வந்துவிட்டோம். உனக்காக வர்க்கி வாங்கினேன், லேப் லீடரின் மகன் சென்னை வரும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பணம் கொடுக்காதே. கொடுக்காததோடு நிற்காமல் உங்கள் சங்கத்தாரிடமும் எடுத்துச் சொல்.

அவர்கள் காலி இடம் என்று நினைப்பது பெரும்பாலும் புல்வெளியாக இருக்கும். நீலகிரியின் மேல்மட்டத்தில் மலை மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல். இதுதான் அந்த மலையின் இயல்பு. யாரோ மரத்தை வெட்டியதால் வந்த புல் என்று நினைத்துவிடாதே. அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். மார்கழி, தை உறைபனியில் திறந்தவெளியில் முளைக்கும் சோலைக் கன்று கருகிவிடும், பெரிய மரத்தின் நிழலில்தான் அது பிழைக்கும். புல்லோ பனியைத் தாங்கும், மழையை மண்ணுக்குள் இறக்கும், அடியில் இருக்கும் ஓடைக்கு மெதுவாகக் கொடுக்கும்.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அந்தச் சரிவுகளில் வாட்டில் என்கிற சீகையையும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தையும் பைனையும் நட்டார்கள். விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு என்று காரணம் இருந்தது. நாடு விடுதலையான பிறகும் அது நிற்கவில்லை. இன்று சீகை தானாகவே விதை பரப்பிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2022-ல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டு, இப்போது அந்நிய மரங்களை அகற்ற எவ்வளவு பாடுபடுகிறார்கள்! நல்ல மனதோடு நட்ட மரங்களால் வந்த வினை இது. லாங்வுட் சோலையின் ஓரத்திலும் செஸ்ட்ரம் என்கிற அந்நியப் புதர் ஆரஞ்சுப் பூவோடு நுழைவதைப் பார்த்தேன், வயிறு எரிந்தது.

உங்கள் ஆட்களின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். மரம் நட வேண்டும் என்றால் சென்னையிலேயே உங்கள் தெருவில் வேம்பும் புங்கனும் நடட்டும், தினமும் தண்ணீர் ஊற்றலாம். மலைக்குத்தான் பணம் போக வேண்டும் என்றால் சீகை, செஸ்ட்ரம் பிடுங்குகிறவர்களுக்கும், அழிந்த சோலை ஓரங்களில் அந்த மண்ணின் கன்றுகளையே வளர்க்கிறவர்களுக்கும் போகட்டும். திறப்பு விழா, போட்டோ எல்லாம் இதில் கிடைக்காது. ஆனாலும் நீ சொன்னால் கேட்பார்கள், உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

அம்மாவுக்குக் கண் தேறியதும் நீயும் வா. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை, அதற்கு முன்னால் ஆவணியில் வந்தால் தோதாக இருக்கும். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே, ஏற்றம் அதிகம் இல்லாத பாதை, நாத்தனாரே நடந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் உடனே செய். அந்தச் சரிவு எந்த ஊர், எந்த இடம் என்று சங்கத்தாரிடம் சரியாகக் கேட்டு எழுது. என் பழைய மாணவி ஒருத்தி வனத்துறையில் இருக்கிறாள். அங்கே முன்பு இருந்தது புல்லா சோலையா என்று அவளிடம் விசாரித்து, ஜூனுக்கு முன்னால் உனக்கு எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி