அப்பாவுக்கு, ஹீட்டர் வாங்கிய விவரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹீட்டர் வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னதும், "ஏன், பாத்ரூமில் வெந்நீர் வரவில்லையா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. வெந்நீர் நன்றாகவே வருகிறது அப்பா. நான் வாங்கியது அறையைச் சூடாக்குகிற ஹீட்டர். 30 வருடம் வயரிங் வேலை பார்த்தவருக்கு இதை அரைகுறையாகச் சொன்னால் தூக்கம் வராது என்று தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் கட்டடம் பழசு. ஜன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. கட்டடம் முழுக்கப் பொதுவாக ஓடும் வெந்நீர்தான் அதற்குள்ளும் வருகிறது. என் மாடிக்கு வந்து சேரும்போது அதில் சூடே மிச்சமில்லை. தொட்டால் காய்ச்சல் விட்ட உடம்பு மாதிரி வெதுவெதுவென்று இருக்கும், அவ்வளவுதான். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி மேசைமேல் வைத்தேன். ராத்திரி 14 டிகிரி. வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருப்பது உடம்புக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தால் விரல் விறைத்துத் தட்டச்சு தப்புத் தப்பாக வரும்.

கடைக்குப் போனால் தலை சுற்றியது. அலமாரி முழுக்க விதவிதமான ஹீட்டர், ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் "குறைந்த கரண்ட், அதிகச் சூடு" என்று ஏதாவது ஒரு வாசகம். விற்பனைப் பையன் ஒன்றைக் காட்டி, இது பாதிக் கரண்டில் அதே சூடு தரும் என்றான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் பாடு திண்டாட்டம்தான். கம்பிச்சுருளோ, செராமிக்கோ, எண்ணெயோ, உள்ளே போகிற கரண்ட் மொத்தமும் கடைசியில் சூடாகத்தானே ஆக வேண்டும்? வேறெங்கே போகும்? 1500 வாட் என்றால் எந்த ஹீட்டரானாலும் 1500 வாட் சூடுதான், மணிக்கு ஒன்றரை யூனிட்தான். விலை ஏறினாலும் சூடு ஏறாது. நேராகப் பிளக்கில் செருகிவிடுகிற உள்ளங்கை அளவு ஹீட்டர் ஒன்று, 400 வாட், முழு அறைக்கும் போதும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது! குளிர் நாட்டில் சதுர அடிக்குப் 10 வாட் என்று தோராயமாகக் கணக்குப் போடுகிறார்கள். என் அறை 12-க்கு 12, அதாவது 144 சதுர அடி. 400 வாட்டை வைத்துக் கால் விரலைக் காய்ச்சிக்கொள்ளலாம்.

ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு மூன்று யூனிட் சூடு தருவது ஒன்றே ஒன்றுதான், அது ஏசியைத் திருப்பி ஓட்டுகிற ஹீட் பம்ப். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து உள்ளே தள்ளுகிறது. வாடகை வீட்டுச் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விட மாட்டார், அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? சூட்டை எப்படிக் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான். அலுவலகத் தோழி தன் ஃபேன் ஹீட்டரை ஒரு வாரம் கொடுத்தாள். போட்ட நிமிஷமே வெந்த காற்று வருகிறது, ஆனால் ஓயாத இரைச்சல், நிறுத்திய மறுநிமிஷம் பழைய குளிர். குளித்துவிட்டு வந்து பத்து நிமிஷம் நிற்க அது போதும். சிவப்பாக எரிகிற குவார்ட்ஸ் குழாய் ஹீட்டரையும் கடையில் போட்டுக் காட்டினார்கள். அது காற்றை விட்டுவிட்டு எதிரில் இருக்கும் ஆளைத்தான் சூடாக்குகிறது. வெயிலில் நிற்கிற மாதிரி முன்பக்கம் சுள்ளென்று இருக்கிறது, முதுகு சில்லிடுகிறது. ஒரே நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு அது சரி. நான் கடைசியில் வாங்கியது எண்ணெய் ரேடியேட்டர்.

எண்ணெய் என்றதும் அம்மா பயப்பட வேண்டாம். அது எரிகிற எண்ணெய் இல்லை. பட்டை பட்டையாக நிற்கிற இரும்புத் தகடுகளுக்குள் எண்ணெயை ஊற்றி நிரந்தரமாக மூடியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற எலிமெண்ட் அதைச் சூடாக்குகிறது. திரும்ப ஊற்றவே தேவையில்லை. அறையில் வித்தியாசம் தெரிய அரைமணி நேரம் ஆகும். ஆனால் நிறுத்தின பிறகும் வெகுநேரம் சூடு தங்கும், இரைச்சல் கிடையாது. 600, 900, 1500 என்று மூன்று சுவிட்ச் நிலை, ஒரு தெர்மோஸ்டாட். சாய்ந்தால் தானாக நிற்கும், அதிகம் சூடானாலும் நிற்கும். இவை இரண்டும் இல்லாததைக் கையால்கூடத் தொடாதே என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், முதலில் பார்த்ததே அதைத்தான்.

முதல் ராத்திரி நான் பட்ட பாடு! போட்டுப் பத்து நிமிஷத்தில் டிக், டிக், டொக் என்று உள்ளிருந்து சத்தம், கூடவே பெயின்ட் வாடை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எட்டி நின்றேன். குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தால், தகடு சூட்டில் விரிகிற சத்தம், புதுப் பூச்சின் வாடை, பயப்பட வேண்டாம் என்று போட்டிருக்கிறது. இரண்டு நாளில் வாடை போய்விட்டது. சத்தம் மட்டும் இன்னும் போடும்போதெல்லாம் வருகிறது.

ஒருநாள் ஹீட்டர் ஓடும்போதே கெட்டிலைப் போட்டேன். படக்கென்று டிரிப் ஆகிப் பாதி வீடு இருட்டு. இரண்டும் ஒரே சர்க்யூட்டில் இருந்திருக்கிறது. ஒயர்மேன் மகள் செய்கிற வேலையா இது என்று நீங்கள் திட்டுவது காதில் விழுந்தது. இப்போது கெட்டில் நேரத்தில் ஹீட்டருக்கு ஓய்வு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைக்கவே இல்லை, நேராகச் சுவர்ப் பிளக்தான்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நாலாவது நாள், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, ஒருமணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. உருவிப் பார்த்தால் ஒரு பின் பக்கத்தில் பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பழைய வீடென்றால் அப்படித்தான்" என்றார். விடவில்லை, போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாளே ஆள் வந்து சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்க்ரூ லூஸ், வயர் முனை கறுத்துப் போயிருந்தது. கறுத்ததை வெட்டிவிட்டுப் புது சாக்கெட் மாட்டினார். அவர் வேலை செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

சொல்லப்போனால், ஹீட்டருக்குச் சமமாக வேலை செய்தது ஜன்னலில் ஒட்டிய ஸ்பாஞ்ச் டேப். ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் விளிம்போரம் மெல்ல நகர்த்தினேன். கீழ் மூலையில் புகை படபடத்து உள்ளே சாய்ந்தது. குளிர்காற்று நுழைகிற வழி அதுதான். டேப்பை ஒட்டி, கதவுக்கு அடியில் துணி உருளை ஒன்றையும் வைத்தேன். அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க 1500-இலேயே ஓட்டினால்தான் தாங்கும், இப்போது 900 போதும், அதுவும் தெர்மோஸ்டாட் பாதி நேரம் நிறுத்திவிடுகிறது. படுக்கும்போது அணைத்துவிடுகிறேன், காலை வரை 16-க்குக் கீழே போவதில்லை.

உதடு வெடிக்கிறது, ஹீட்டர் ஈரத்தைக் குடித்துவிடுகிறதா என்று அம்மா கேட்டாள். குடிப்பதில்லை. குளிர்காற்றில் ஈரம் ஏற்கெனவே கம்மி, அதையே சூடாக்கினால் இன்னும் வறட்சியாகத் தெரிகிறது. ஆனால் துணியை ஹீட்டர்மேல் போட்டு உலர்த்த மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். திரையும் படுக்கையும் அதிலிருந்து மூன்றடி தள்ளித்தான் இருக்கின்றன.

வெளியே பனி கொட்டுகிறது. 19 டிகிரி அறையில், ஒரே ஒரு ஸ்வெட்டரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களுக்காக இப்போது எழுந்து போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சில்லென்று இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்