கூலிக்கும் கடத்தல் முதலாளிக்கும் ஒரே படிவமா?

ஆசிரியருக்கு,

செம்மரம் வெட்ட வந்து சிறைக்குப் போகும் ஜவ்வாது மலைக்காரர்களைப் பற்றி எங்கள் சித்தூர் பக்கம் தெரியாதவர் இல்லை. மாநிலங்கள் பின்பற்ற மத்திய அரசு தந்த 2023 மாதிரிச் சிறைச்சட்டம், கைதியால் வரும் ஆபத்தை மதிப்பிட்டுப் பிரித்து வைக்கச் சொல்கிறது. சிறைக் காலத்தை எப்படிக் கழிப்பது என்று ஆளுக்கொரு தண்டனைக் காலத் திட்டமும் வேண்டும் என்கிறது. சரி, அந்த மதிப்பீட்டுக் கேள்விகளைத் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் தெலுங்கில் கேட்டால்? மலைக்காரர் தலையாட்டுவார், படிவம் நிரம்பிவிடும். ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணமும், மழை பொய்த்துக் கருகிய சாமையும் அதில் ஏறாது. அவரை மறுபடி காட்டுக்கு இழுப்பதே அவைதானே! இப்படித் தப்பாக மதிப்பிட்டு, ஆபத்து குறைந்தவரைப் பழுத்த குற்றவாளிகளோடு சேர்த்து வைத்தால் அவரும் கெடுவார் என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. மதிப்பீட்டின்போது தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நகரியிலும் புத்தூரிலும் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

– வாசகர், நகரி