கைமிஷின் அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் என் கைமிஷினை, கையால் சுற்றித் தைக்கிற அந்தத் தையல் மிஷினை, பார்சல் போட்டுவிட்டேன். ரசீதை அக்கா உன் போனுக்கு அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பார்த்துவிட்டான் என்றாள். பதில் வரவில்லை. சரி, பார்த்தாயே, அது போதும்.

மூன்று நாளுக்குமேல் எடுக்காவிட்டால் குடோன் வாடகை கேட்பார்கள். ஆட்டோவில் போய் எடுத்துவா, பைக்கில் வைக்காதே. பெட்டியோடு சேர்த்து 12 கிலோவுக்குக் குறையாது. சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிவிடாதே. ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, இன்னொரு கையை அடிப்பலகைக்குக் கொடு.

ஆடியில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. சித்தப்பாதான் துளைக்கிறார். அவரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டாயா என்றும் கேட்கமாட்டேன், கேட்டால் உனக்கு எரிச்சல் வரும். மிஷினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ராத்திரி மூன்று மணிக்கும் உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று காட்டுகிறது. தூக்கம் வராதவன் கைக்கு ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

யூடியூபில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே. அதில் வருகிறவர்கள் மோட்டார் மிஷினில் கடகடவென்று ஓட்டுகிறார்கள். நூல் எத்தனை தடவை அறுந்தது என்று காட்டுவதில்லை. கைமிஷினில் வலது கை சக்கரத்துக்குப் போய்விடும். துணியைப் பார்த்துக்கொள்ள இடது கை ஒன்றுதான். அதனால் மெதுவாகத்தான் தைக்க முடியும். அந்த மெதுவுதான் உனக்கு இப்போது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை ஒருதடவைதான் சொல்வேன், மறுபடி சொல்லமாட்டேன்.

பிரித்ததும் எண்ணெய் விடு. மிஷின் பெட்டியின் இடது அறையில் சின்ன டப்பா இருக்கிறது, மிஷின் எண்ணெய். தீர்ந்துபோனால் கடையில் அதையே கேட்டு வாங்கு. தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று விட்டுவிடாதே. நாள் ஆக ஆகப் பிசின்போல இறுகிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். மேலே தெரிகிற ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, அடிநூல் சுற்றிய பாபின் உட்காருகிற ஷட்டிலில் ஒரு சொட்டு. பிறகு நூல் கோக்காமல் ஐந்து நிமிஷம் சுற்று. அடியில் துணி இல்லாமல் சுற்றும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஸர் ஃபுட்டைத் தூக்கியே வை. இல்லாவிட்டால் துணியை நகர்த்துகிற அடிப்பல்லும் ஃபுட்டும் உரசித் தேய்ந்துவிடும். முதல் தையலைக் கழிவுத் துணியில் போடு, மிச்ச எண்ணெயை அது குடிக்கட்டும்.

சக்கரம் எப்போதும் உன் பக்கமாகத்தான் உருளவேண்டும். கைப்பிடிக்குள் பல்சக்கரம் இருப்பதால் கைப்பிடி எதிர்த்திசையில் போவதுபோலத் தெரியும், அதைப் பார்த்துக் குழம்பாதே. சக்கரத்தைப் பார். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அடியில் சிக்கி அறுந்துவிடும்.

ஊசி 14-ம் நம்பரும் 16-ம் நம்பரும் வைத்திருக்கிறேன். சட்டைத் துணி, லுங்கி என்றால் 14. காடா என்கிற வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி, நாலு மடிப்பு என்றால் 16. ஊசியின் ஒரு பக்கம் மேலே தட்டையாக இருக்கும், அதற்கு எதிர்ப்பக்கம் நுனிவரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நகத்தால் தடவிப் பார், தெரியும். நூல் அந்தப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் காதுக்குள் போகவேண்டும். ஊசியைத் தப்பாகத் திருப்பி மாட்டினால் தையலே விழாது. மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாய். மிஷின் கெடவில்லை. ஊசியைக் கடைசிவரை மேலே தள்ளித் திருகை முடுக்கு. பாதி ஊசிகள் அரைகுறையாக மாட்டித்தான் உடைகின்றன.

மேல்நூல் கோக்கும்போது ஃபுட் தூக்கி இருக்கட்டும். தூக்கினால்தான் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் விலகி நூலை உள்ளே விடும். புதுசாக வருகிறவர்கள் ஃபுட்டை இறக்கிவிட்டுக் கோப்பார்கள். நூல் தட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொள்ளும், துணிக்கு அடியில் குருவிக்கூடு கட்டிவிடும். அடியில் சுருளாக நூல் தொங்கினால் கோளாறு மேலே இருக்கிறது. இதை மனசில் வை. அடியில் தொங்குகிறதே என்று எல்லோரும் பாபினைத்தான் நோண்டுவார்கள். முதலில் மேல்நூலை உருவிவிட்டு மறுபடி கோத்துப் பார். பத்தில் எட்டுத் தடவை அதிலேயே சரியாகிவிடும்.

பாபினில் நூல் சுற்றும்போது சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகைத் தளர்த்து, ஊசி சும்மா நிற்கும். சமமாகச் சுற்று, ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாகச் சுற்றினால் தையல் இழுத்து இழுத்து விழும். பாபின் கேஸில் போட்டபிறகு நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடு. தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. உதறினாலும் அசையாவிட்டால் இறுக்கம். லேசாக உதறினால் ஓர் அங்குலம் இறங்கி நிற்கவேண்டும். நான் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். அந்தக் குட்டித் திருகை நீ தொடாதே.

இனி, கோடு. ரூல்டு நோட்டிலிருந்து பத்துத் தாள் கிழித்துக்கொள். நூல் இல்லாமல், பழைய ஊசி போட்டு, கோட்டின்மேலேயே ஓட்டு. தாளில் ஓட்டிய ஊசியைத் துணிக்குப் போடாதே, முனை மழுங்கியிருக்கும். முதல் தாளில் ஓட்டை எல்லாம் ஆற்றுப்போக்காகப் போகும். ஏன் என்றால் நீ ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஊசியைப் பார்க்காதே, ஃபுட்டின் ஓரத்தைப் பார். ஓரம் கோட்டோடு போனால் ஊசி தானாகப் போகும். துணியை இழுக்காதே. பின்னால் இழுக்காதே, முன்னால் தள்ளாதே. அடியில் இருக்கிற பல்லுதான் துணியை நகர்த்தும். உன் கை வழி மட்டும் காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளையும், தகட்டில் மோதும், ஒடியும். ஒடிந்த துண்டு கண்ணில் தெறிக்கும். இழுக்காதே.

ஐந்தாவது தாளில் கோடு நேராகிவிடும். உனக்கு மூன்றிலேயே ஆகிவிடலாம், உன் கை எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு லுங்கி மூட்டு. பெட்டியில் கட்டம் போட்டதாக ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டு மீட்டர். கட்டமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு, அந்தக் கோடே உனக்கு ரூல் கோடு. இரண்டு தலைப்பையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கீழ்த்துணியை அரை அங்குலம் நீட்டிவிடு. நீட்டியதை மேல்துணியின்மேல் மடித்து ஒரு தையல். பிறகு துணியை விரித்து, அந்த மடிப்பைப் படியவைத்து அதன் ஓரத்தில் இன்னொரு தையல். பிசிறு உள்ளே போய்விடும், ஓவர்லாக் தேவையில்லை. ஆரம்பிக்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டையும் பின்பக்கமாக விரலால் பிடித்துக்கொள், நாலு தையல் விழுந்ததும் விடு. முடித்துத் துணியை எடுக்கும்போது, முன்னால் ஏறி இறங்குகிற லிவர் உச்சியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எடு. கீழே நிற்கும்போது உருவினால் ஊசி வளைந்துவிடும்.

லுங்கி வந்துவிட்டால் பை. அங்கே பெங்களூரில் சிக்பேட்டைத் துணிக்கடைகளுக்குப் போ. காடா துணி 36 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் வாங்கு. ஒரு மீட்டர் போதுமே என்று கணக்குப் போடாதே. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் கஞ்சி போய்ச் சுருங்கும். சுருக்காமல் தைத்தால் முதல் துவையலில் தைத்த இடமெல்லாம் முறுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் இஸ்திரி போடு. ஓரத்தில் ஓர் இழையை உருவினால் நேர்கோடு தெரியும், அதன்மேல் வெட்டு. கத்தரிக்கோல் துணிக்கு மட்டும். தாள் வெட்டாதே, பால் பாக்கெட் வெட்டாதே. செந்தில், பால் பாக்கெட் வெட்டாதே.

அகலம் 15, நீளம் 37 அங்குலத்தில் ஒரு துண்டு. கைப்பிடிக்கு 4 அகலம், 22 நீளத்தில் இரண்டு. கைப்பிடித் துண்டின் இரண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் ஓர் அங்குலப் பட்டை கிடைக்கும். இரண்டு ஓரத்திலும் தையல் ஓட்டு. பெரிய துண்டின் இரண்டு தலைப்பையும் முதலில் அரை அங்குலம், பிறகு ஓர் அங்குலம் மடித்து இஸ்திரி போடு. குண்டூசி குத்துவதைவிட இஸ்திரி மடிப்பு நன்றாக நிற்கும். பக்க ஓரத்திலிருந்து 4 அங்குலம் தள்ளிக் கைப்பிடி நுனியை அந்த மடிப்புக்குள் செருகி மடிப்பைத் தை. பிறகு கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி, மடிப்பின்மேல் ஒரு சதுரம், சதுரத்துக்குள் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. கனம் தாங்குவது அந்தப் பெருக்கல் குறிதான். கடைப் பைகளில் இதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள், அதனால்தான் காது பிய்ந்து தொங்குகிறது.

கடைசியில் பக்கம். நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தைத்து, பிசிறைப் பாதியாக நறுக்கு. உள்ளே வெளியே புரட்டி மறுபடி கால் அங்குலத்தில் தை. பிசிறு இரண்டு தையலுக்கு நடுவில் அடைபட்டுவிடும். முழுசானால் 14-க்கு 17 அங்குலம் வரும். அரிசி 5 கிலோ தைரியமாகப் போடலாம்.

மஞ்சள் சாயம் வேண்டுமா என்பது உன் இஷ்டம். மஞ்சப்பை தூக்கினவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த காலம் போய், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தது. இப்போது கல்யாண வீட்டுக்காரர்கள் தாம்பூலத்துக்கு நூறு, இருநூறு என்று கேட்கிறார்கள். நீ பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையைக் காலுக்கடியில் தள்ளுவாய். எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த வெட்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவு. வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து நீ ஒரு பென்சில் பை தைத்தாய், ஜிப் வைத்து. என்னிடம் வேலை பழகுகிற பெண்களுக்கு ஜிப்பை ஆறு மாசம் கழித்துத்தான் கொடுப்பேன். உன் ஜிப் நெளியவில்லை, பல்லில் நூல் மாட்டவில்லை. அதை நான் சொல்லவில்லை. அடி ஸ்கேலால் புறங்கையில் அடித்தேன். பையை பிளேடு வைத்துப் பிரித்தேன். ஜிப் வீணாகக் கூடாது என்று யாருடைய கவுனுக்கோ வைத்துத் தைத்தேன். நீ அழவில்லை, நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டாய். பிள்ளைக்குப் புத்தி வந்தது என்று நினைத்தேன். மிஷினில் உட்கார்ந்தால் மிஷினோடு போய்விடுவாய் என்று பயம் எனக்கு. படிப்பு, மார்க், வேலை. அது தவிர உனக்குப் பிடித்தது ஒன்றையும் நான் வளரவிடவில்லை. இப்போது சனி ஞாயிறு வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நீ படுத்துக்கிடக்கிறாய் என்றால், அதில் என் பங்கும் இருக்கிறது.

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. கட்டாயமில்லை. சமைத்துப் பார், செடி வை, கீழ்வீட்டுப் பையன்களோடு கேரம் ஆடு. மிஷினைத் துணி போட்டு மூடிவைத்தால் அது கோபித்துக்கொள்ளாது. ஆனால் பத்துத் தாள் ஓட்டிவிட்டு விடு.

பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். போன் போட்டு, அதை மேசையில் வைத்துவிட்டு மிஷினைச் சுற்று. எனக்குச் சத்தம் போதும். கர்ரென்று வந்தால் எண்ணெய் போதவில்லை. 'டொக்' என்று ஊசி இறங்கும்போதெல்லாம் அடித்தால் முனை மழுங்கிவிட்டது, மாற்று என்பேன். ஒழுங்காக ஓடினால் நான் பேசமாட்டேன், நீயும் பேசவேண்டாம். எத்தனை மணி ஆனாலும் போடு. மூன்று மணிக்கு நானும் முழித்துத்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு. வலது அறையில் ஏழு அங்குல ஜிப் ஒன்று வைத்திருக்கிறேன், நீல நிறம். ஜிப்புக்கு ஒற்றைக்கால் ஃபுட் மாட்டவேண்டும், அதுவும் அங்கேயேதான் இருக்கிறது. எப்படி என்று எழுதவில்லை. உனக்குத் தெரியும்.