ஞாயிறு மேட்டுப்பாளையம் ரைடு: திரும்பும்போது ரயிலில் சைக்கிள்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோவையில இருந்து மேட்டுப்பாளையம் மிதிச்சுப் போயிட்டு, மெமுவில் (உள்ளூர் மின்சார ரயில்) சைக்கிளோட திரும்பலாமான்னு ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீங்க.

கேட்கறதுல நியாயம் இருக்கு. கோவை 400 மீட்டருக்கு மேல உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 325 தான். போறப்ப சும்மா மிதிச்சாப் போதும், திரும்பறப்பதான் வெயிலும் ஏத்தமும் சேர்ந்து காலைப் பிடிக்கும்.

ஆனா முழு சைக்கிளை அப்படியே தூக்கிட்டுப் பெட்டியில ஏறாதீங்க. டிக்கெட்டோட வர்ற 35 கிலோ இலவச லக்கேஜ்ல சைக்கிள் சேராது. தனியா லக்கேஜ் புக் பண்ணணும். புக் பண்ணாம மாட்டினா லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வரைக்கும் கேட்பாங்க. "நம்ம டி.டி.இ. (டிக்கெட் பரிசோதகர்) தான், பேசிக்கலாம்"னு போனவங்க ரெண்டு பேர் காரமடையில இறங்கி மிதிச்சுட்டு வந்த கதை உங்களுக்கே தெரியும்!

புக் பண்றவங்க வண்டி கிளம்ப அரை மணி நேரம் முன்னாடியாவது கவுன்டர்ல நிக்கணும். அந்த வண்டியில ஏத்துவாங்களான்னு சனிக்கிழமையே நேர்ல கேட்டுக்கிறது நல்லது. மடக்கு சைக்கிள்காரங்க மடக்கி, பையில போட்டு, செயின் யார் வேட்டியிலயும் படாம ஓரமா வையுங்க. ரயில் பெட்டிக்குள்ள கொண்டுபோற சூட்கேஸ் மாதிரி சாமானுக்கு அதிகபட்ச அளவு 100 x 60 x 25 செ.மீ.; பெடலைக் கழட்டினாத்தான் அதுக்குப் பக்கத்துல வரும்.

ரயில்ல வர்றவங்க சனிக்கிழமை ராத்திரிக்குள்ள இங்கயே பேரைப் போட்டுருங்க. மத்தவங்க என்கூட மிதிக்கறாங்க. பெரியநாயக்கன்பாளையத்துல இளநீர் என் செலவு.