வழக்குப் போட்டவரின் வேலையைப் பறிக்கும் ஒரு படிவக் கட்டம்: தொழிலாளர் ஆணையருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டாய ராஜினாமாவை எதிர்த்து, தொழில் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அரசுச் சமரச அலுவலரிடம் மனு கொடுத்த ஐடி ஊழியர்கள் அடுத்த வேலை தேடும்போது என்ன நடக்கிறது என்பது தங்கள் அலுவலகம் அறியாததல்ல. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும். பழைய நிறுவனத்திடம் முகமை வழியாக விசாரிக்கும் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் ஒற்றை வரி மின்னஞ்சலில் அது ரத்தாகும். காரணம் கேட்டால் பதில் வராது.

காரணம் சரிபார்ப்புப் படிவத்தில் இருக்கிறது. ஊழியர் எண், சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி ஆகியவை ஆவணத்தைப் பார்த்து நிரப்புபவை. அவற்றுக்குக் கீழே ஒரு கேள்வி: 'இவரை மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா?' பழைய நிறுவனத்தின் ஹெச்.ஆர். அங்கே 'இல்லை' என்று குறித்தால் போதும். ஆதாரமோ விளக்கமோ வேண்டியதில்லை. குறையில்லை என்று பச்சையாக வரவேண்டிய சரிபார்ப்பு அறிக்கை, சந்தேகத்தைக் காட்டும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். அந்த அறிக்கை புதிய நிறுவனத்துக்குப் போகிறது. யாரைப் பற்றியதோ அவர் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியோடு இறுதிக் கணக்குத் தாளை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் வழக்கு பலவீனமாகும். மறுத்தால் ரிலீவிங் லெட்டர், அதாவது பணியிலிருந்து விடுவிக்கும் கடிதம், கிடையாது. சரிபார்ப்பில் 'விலகல் நடைமுறை முடியவில்லை' என்ற பதில் போகும். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் பணிச் சான்று உண்டு என்று நிறுவனப் பணிவிதிகளுக்கு மத்திய அரசு வகுத்த 1946ஆம் ஆண்டின் மாதிரி நிலையாணைகளே சொல்லியிருந்தன.

ஆகவே எங்கள் கோரிக்கை: முன்னாள் ஊழியரைப் பற்றிய பதில் பணிக்காலம், பதவி என்ற இரண்டோடு நிற்க வேண்டும். தொலைபேசியில் அல்ல, எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் ஊழியருக்கும் போக வேண்டும்.

பாகுபாடு குறித்துப் புகார் செய்த முன்னாள் ஊழியரைப் பற்றிப் பாதகமாகச் சொல்லிப் பழிவாங்கினால் அவரும் வழக்குத் தொடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்தது. இங்கே முதலீட்டாளர் மேடைகளில் 'திறன்மிக்க மனிதவளம்' என்று பெருமையோடு சொல்லப்படும் இளைஞர்கள், சட்டம் காட்டிய கதவைத் தட்டியதற்காக வீட்டில் உட்காரவைக்கப்படுகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை காலம் பொறுப்பது?

பணிக்காலம், பதவி, எழுத்து, நகல். இவற்றை வலியுறுத்தி எல்லா ஐடி நிறுவனங்களுக்கும் சரிபார்ப்பு முகமைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம். சமரசப் பேச்சின் முதல் அமர்விலேயே நிர்வாகத்திடம் இதற்கு எழுத்துப்பூர்வ உறுதி வாங்கும்படி சமரச அலுவலர்களுக்கும் அறிவுறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஐடி ஊழியர்களின் தொழில் தகராறு வழக்குகளுக்குத் துணை நிற்போர்