எண்ணிக்கைக்கு மட்டும் இருந்தவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு ஆதி அண்டம் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி வந்திருந்தது: "மங்கலான குள்ள நட்சத்திரங்கள் எண்ணிக்கைக்கு மட்டுமே, அண்டத்துக்கு ஒளி தந்தவை பெரியவையே." அந்த வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

முதலில், அவை குள்ள நட்சத்திரங்கள் அல்ல, குறு விண்மீன் திரள்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இலட்சக்கணக்கில் நட்சத்திரங்கள். அப்புறம், நடந்ததும் நீங்கள் எழுதியதற்கு நேர்மாறு. அண்டம் ஐதரசன் மூட்டத்தில் கிடந்த காலத்தில், அந்த ஐதரசன் அணுக்களின் இலத்திரனைப் பிரித்து, அதாவது அயனாக்கி, மூட்டத்தை விலக்கிய புறஊதாக் கதிர்களில் பெரும்பங்கு இந்தக் குட்டித் திரள்களுடையது என்கிறது 2024 இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு. ஏபெல் 2744 என்ற, பல விண்மீன் திரள்கள் கூடிய திரள்கொத்தின் ஈர்ப்பையே பூதக்கண்ணாடியாக்கி, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அப்படி 8 திரள்களை ஆராய்ந்தார்கள். முன்பு கணித்ததைவிட ஏறத்தாழ 4 மடங்கு கதிர்களை அவை உண்டாக்கியிருந்தன.

அதற்கு அவை கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஈர்ப்பு குறைவு என்பதால் சில நட்சத்திரங்கள் வெடித்தாலே உள்ளிருக்கும் வாயு வெளியே அடிபட்டுப் போகும். வெளியே பரவிய புறஊதாக் கதிரும் மிச்ச வாயுவைச் சூடாக்கும். வாயு குளிராமல் புது நட்சத்திரம் பிறக்காது. பல திரள்கள் இளவயதிலேயே அப்படி நின்றுபோயின. பல, பெரிய திரள்களுக்குள் கரைந்தன. மிஞ்சிய சில, பழைய நட்சத்திரங்களோடு இன்றும் நம் பால்வீதியைச் சுற்றுகின்றன.

நான் வன்னியில் 30 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில், கொஞ்ச மண்ணெண்ணெயில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கு தாங்களும் அறிந்ததுதான். அந்த வெளிச்சத்தில்தான் என் பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள். பின்னாளில், மழை விட்ட மாசி இரவுகளில் இரணைமடுக் குளக்கட்டின் மேல் மாணவர்களை நிறுத்தி, தெற்கே தண்ணீருக்கு மேலே புகைபோல் நிற்கும் பெரிய மகெல்லன் முகிலைக் காட்டியிருக்கிறேன். அதுவும் சிறு திரள்தான். சுமார் 160,000 ஒளியாண்டு தூரத்திலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது.

உங்கள் பத்திரிகையில் வன்னி வருவது வெள்ளம் வந்தால், கண்ணிவெடி வெடித்தால். பெறுபேறு வந்தால் எங்கள் பிள்ளைகளின் படத்தின் கீழே "பின்தங்கிய பிரதேச மாணவர்" என்று போடுகிறீர்கள். அதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் எழுதினேன், பிரசுரிக்கவில்லை. அறிவியல் பக்கத்தில் பாதியை இராசிபலனுக்குக் கொடுத்தபோதும் எழுதினேன். ஒரு வரிப் பதிலாவது அனுப்பியிருக்கலாம், ஐயா.

வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், "குறு விண்மீன் திரள்கள்" என்று ஒரு திருத்தம் போடுங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் உங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன கிழமைப் பக்கத்தை ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கிளிநொச்சி.