கிழிந்த தாள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா போனதிலிருந்து ராத்திரியில் தூக்கமே இல்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் போன வருஷத்து நான்தான் கண்முன் வந்து நின்றேன்.

என் வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம் கழித்து, மருத்துவர் சொல்லி ஓவிய சிகிச்சைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. முதல் நாள் கறுப்புக் கிரேயானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கிரேயான் ஒடிந்தது. மிச்சத் துண்டால் தேய்த்ததில் தாள் நடுவில் கிழிந்துபோனது. சிகிச்சை தரும் அம்மா "இது என்ன படம்?" என்று கேட்கவில்லை. "கிழிந்த இடத்துக்கு அடியில் ஏதாவது வைக்கலாமா, இப்படியே இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். இருக்கட்டும் என்றேன். நாலாவது வாரம் என் வீட்டுக்காரருடைய பழைய கட்டம்போட்ட சட்டையில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய் அந்த ஓட்டைக்கு அடியில் ஒட்டினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

"எனக்கு ஒரு பூனைகூட வரைய வராதே" என்பாய், தெரியும். வர வேண்டியதில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுப்படம் என்று இஷ்டப்படி செய்ய விட்டார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மனஅழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. முன்னனுபவம் இருந்ததா இல்லையா என்பதில் வித்தியாசம் இல்லை.

இந்தச் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரே நோயாளியாக இருந்தவர்தான். ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், 1938இல் காசநோயோடு படுத்திருந்தபோது, படுக்கையில் கிடந்தபடியே வரைந்து மனசைத் தேற்றிக்கொண்டார். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942இல் அதற்குப் பெயர் வந்தது.

ஒன்று கவனி. பென்சில் நம் பிடியிலேயே இருக்கும். நீர்வண்ணம் அதன் போக்கில் ஓடும், உள்ளே இருப்பதையும் சட்டென்று இழுத்துவிடும். அதனால் தனியாக இருக்கும்போது பென்சில், கிரேயானோடு ஆரம்பி. மனசு ரொம்பக் கனக்கிற நாளில் தனியாக உட்காராதே, பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்கட்டும். மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதை நிறுத்திவிடாதே. வரைந்ததை வீட்டில் யாருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை. "அழகா இருக்கே" என்று யாராவது சொல்லிவிட்டால் அடுத்த முறை கை அழகுக்குத்தான் போகும்.

கிரேயான் டப்பாவும் கொஞ்சம் கெட்டித் தாளும் தனியாக அனுப்பியிருக்கிறேன். டப்பாவில் கறுப்பு இரண்டு வைத்திருக்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி